பாதத்தைத் திருப்பாதீர்கள்: பாலே கற்கும் குழந்தைக்கு வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பாலே வகுப்பில் சேர்ந்த முதல் மாதம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஹாலில் நின்று, "அம்மா, ஃபர்ஸ்ட் பொசிஷன் பாரு" என்றாள். குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. பாதங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இடமும் வலமும் பார்த்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து, அடுத்த வகுப்பில் டீச்சரிடம் காட்டினேன். அவர் பாதத்தைப் பார்க்கவே இல்லை. படத்தில் முழங்காலை மட்டும் பெரிதாக்கி, "இது எந்தப் பக்கம் பார்க்குது, பாருங்க" என்றார். பாதம் பக்கவாட்டில் இருந்தது, முழங்கால் நேர் முன்னால் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கால், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. உள்ளங்காலின் வளைவு டைல்ஸில் சரிந்து கிடந்தது.

வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகள்தான். நம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை நாம் சரிசெய்யப் போகிறோம். அந்த வடிவம் பிறக்கும் இடமோ வேறெங்கோ இருக்கிறது.

பாலேயில் கால் வெளிப்பக்கம் திரும்புவதை டர்ன்அவுட் என்பார்கள். அது நடக்கவேண்டிய இடம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்புக் குழிக்குள் சுழல, தொடை திரும்ப, அதோடு முழங்காலும் பாதமும் சேர்ந்து வரவேண்டும். குழியின் ஆழமும் எலும்பின் கோணமும் பிறவி அமைப்பு. பயிற்சியால் எலும்பு மாறாது. போதாததற்கு, சின்ன வயதில் தொடை எலும்பில் உட்பக்கமாக ஒரு முறுக்கு கூடுதலாக இருக்கும். வளர வளரத்தான் அது குறையும். தொழில்முறை நடனக் கலைஞர்களிலேயே இடுப்பிலிருந்து மட்டும் முழு 180 டிகிரி கிடைப்பவர்கள் மிகக் குறைவு. ஏழு வயதுக் குழந்தையின் பாதம் 180-இல் நிற்கிறது என்றால், தரையின் பிடிப்பை வைத்துக்கொண்டு முழங்காலையும் கணுக்காலையும் திருகித்தான் அது நிற்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டுங்கள். குழந்தையை ஃபர்ஸ்ட் பொசிஷனில் நிற்கவைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலை மெல்ல மடக்கச் சொல்லுங்கள். பாலேயில் இதைத்தான் ப்ளியே என்கிறார்கள். முழங்கால் சில்லின் நடுவில் நூலைப் பிடித்துச் சாவியைத் தொங்கவிடுங்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேர்மேலே சாவி தொங்கினால் சரி. பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் தொங்கினால் பாதம் தேவைக்கு மேல் திரும்பியிருக்கிறது. பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்து, சாவி சரியான இடத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். அதுதான் இன்றைக்கு அவளுடைய ஃபர்ஸ்ட் பொசிஷன். கடிகாரத்தில் ஒரு முள் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவிலும், இன்னொன்று ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலும் நிற்பது போல ஒரு கோணம் வந்தாலே அது நல்ல கோணம். என் மகளுக்கு அன்று அவ்வளவுகூட வரவில்லை. வராவிட்டால் என்ன?

இந்தக் கோணத்தை வேகமாகக் கூட்டுவதற்காகக் குழந்தையைத் தவளை மாதிரி குப்புறப் படுக்கவைத்து, பெரியவர்கள் இடுப்பின் மேல் கைவைத்து அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வளரும் எலும்பும் மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநாரும் நம் கையின் எடையைத் தாங்குவதற்கு இல்லை. சுழலும் தட்டு, பாத வளைவைக் கூட்ட மாட்டிக்கொள்ளும் கருவி என்று ஆன்லைனில் விற்பவையும் இதே வகைதான்.

அடுத்த பெரிய தவறு, "சுவரோடு ஒட்டி நில்" என்பது. நம் வீடுகளில் கூன் விழாமல் இருக்கச் சொல்லும் பழைய வைத்தியம் இது. பாலேவுக்கு இது இரண்டு விதத்தில் எதிராக வேலை செய்கிறது. முதுகுத்தண்டுக்கு இயல்பாகவே வளைவுகள் உண்டு. இடுப்புக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதையும் சுவரில் ஒட்டச் சொன்னால் குழந்தை பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிட்டத் தசையை இறுக்கிக்கொள்ளும். அப்போது தொடை திரும்புவதற்கே இடமில்லாமல் போகிறது. இரண்டாவது, சுவர் உடலின் எடையைக் குதிகாலுக்குத் தள்ளிவிடும். பாலேயில் எடை அங்கே தங்கக்கூடாது. பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் என்று மூன்று புள்ளிகளில் பரவி, சற்றே முன்னோக்கி இருக்கவேண்டும். எந்த நொடியும் குதிகாலைத் தூக்கத் தயாராக நிற்பது மாதிரி.

சுவருக்குப் பதிலாக நான் சொன்னது ஒன்றுதான்: "இடுப்பெலும்பின் முன்னால் இரண்டு முனை தட்டுப்படுதில்ல, அது ரெண்டும் கார் ஹெட்லைட். வானத்தையும் பார்க்கக்கூடாது, தரையையும் பார்க்கக்கூடாது, ரோட்டைப் பார்க்கணும்." அவள் இரண்டு விரலை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தானே சரிசெய்துகொண்டாள்.

"நெஞ்சை நிமிர்த்து" என்பதும் அப்படித்தான். பள்ளி டிரில்லில் அட்டென்ஷன் கேட்டு வளர்ந்த குழந்தை, நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னால் இழுத்து, விலாவை முன்னால் பிதுக்கி நிற்கும். பார்க்க நிமிர்வாகத் தெரியும், ஆனால் கீழ்முதுகு வில்லாக வளைந்திருக்கும். விலாவின் கீழ்விளிம்பு இடுப்பை நோக்கி மென்மையாக இறங்கியிருக்க, உச்சந்தலை மட்டும் மேலே போகவேண்டும். தோள் தானாகத் தளர்ந்து அகன்றிருக்கவேண்டும்.

அப்புறம், "வயிற்றை உள்ளே இழு". இதை நான் விட்டொழிக்கக் கொஞ்ச நாள் ஆனது. சொன்னதும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் இறுகியது, கழுத்து நரம்பு தெரிந்தது. நிற்கும்போதே அவளை ஒரு பாட்டின் இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். பாட முடிந்தால் வயிற்றுத் தசை சரியான அளவில் வேலை செய்கிறது. திணறினால் மூச்சைப் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். சின்னக் குழந்தைகளுக்கு வயிறு முன்தள்ளியும் கீழ்முதுகு சற்று வளைந்தும் இருப்பது வளர்ச்சியின் இயல்பு. அதைத் தொப்பை என்று சொல்வது, அத்தை மாமா முன்னால் சிரிப்பது, "பாலே ஆடுறவ இவ்வளவு சாப்பிடலாமா" என்று தட்டைப் பார்ப்பது, இவை எதுவும் வேண்டாம். பாலே உலகில் சாப்பாட்டை வெறுக்கும் நோய்கள் மற்ற இடங்களைவிட அதிகம். அதற்கு முதல் விதை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விழக்கூடாது.

பரதநாட்டியமும் பாலேயும் சேர்த்துக் கற்கும் குழந்தைகள் இப்போது நிறைய. ருக்மிணி தேவி அருண்டேலே பரதத்துக்கு வரும் முன், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்தான். பரதத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியிலும் முழங்கால் இடுப்பிலிருந்துதான் விரிய வேண்டும். சாவியும் நூலும் அதற்கும் பொருந்தும். ஆனால் அரைமண்டியில் தாழ்ந்த நிலையிலேயே நின்று ஆடவேண்டும். ப்ளியேயில் இறங்குவது ஏறுவதற்காக. அடியில் தங்கி உட்காரக்கூடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து "இன்னும் உட்காரு" என்று நாம் சொல்லக்கூடாது.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. டைல்ஸில் சாக்ஸ் போட்டு ஆடவிட்டால் வழுக்கும். வெறுங்கால் அல்லது பாலே ஸ்லிப்பர் போதும். வகுப்பில் அடியில் அமுங்கிக்கொடுக்கும் மரத்தளம் இருக்கும், வீட்டில் டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட். அதனால் குதிப்பது வகுப்போடு இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து நின்றால் அது சாயும், குழந்தையும் அதோடு சாயும். சமையல் மேடையோ ஜன்னல் திட்டோ நல்லது. விரல்கள் மேலே படிந்திருந்தால் போதும், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். நேரம் பத்து நிமிடம். களைத்த தசையோடு செய்யும் பயிற்சியில் தவறான பழக்கம்தான் பதியும்.

விரல்நுனியில் நிற்கும் பாயின்ட் ஷூவைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித்தரும் ஆசையும் வரும். நடன மருத்துவத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு, 12 வயதுக்கு முன் கூடாது என்பது. அந்த வயது வந்தாலும் பல ஆண்டுப் பயிற்சியும் கணுக்காலின் பலமும் இருக்கவேண்டும், டீச்சர் சரி என்று சொல்லவேண்டும்.

பத்து வயதுக்கு மேல் ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு வேகமாக நீளும்போது தசை அதோடு ஓடிவராது. நேற்று வரை எளிதாக வந்த குனிதல் இன்று வராது, நிலை தடுமாறும், முழங்காலுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலிக்கும். நாம் அதைச் சோம்பல் என்று நினைத்துக் கூடுதலாகப் பயிற்சி கொடுப்போம். எங்கள் வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்து வைக்கிறோம். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தால், அந்த மாதம் வீட்டில் இழுத்து நீட்டும் பயிற்சிகளைக் குறைத்துவிட்டு, டீச்சருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிவிடுவேன். வலி ஒரே இடத்தில் நாலைந்து நாள் நின்றால் டாக்டரிடம் காட்டுவோம்.