ஸ்காட்லாந்தில் தத்துப் போனவர் பெற்ற தாய் தகப்பனைத் தேடுவது எப்படி?

என் அண்ணி 1965இல் எடின்பரோவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு ஸ்காட்லாந்துத் தம்பதி தத்தெடுத்து, குறையில்லாமல் வளர்த்தார்கள். படிக்கப் போன என் அண்ணன் அவரைக் கல்யாணம் செய்து சிங்கப்பூருக்கு அழைத்து வந்தார். வளர்த்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. "உன்னைப் பெற்றவள் சிங்கப்பூரிலிருந்து தாதிப் பயிற்சிக்கு வந்த பெண்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் காலமான பிறகுதான் அண்ணி என்னிடம் வந்து, "தேடிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கோப்பு படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

அந்தக் காலத்தில் இங்கிருந்தும் மலாயாவிலிருந்தும் நிறையப் பெண்கள் பிரிட்டனுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனார்கள். இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் இருக்கலாம் என்பதால், போக வேண்டிய வழியை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஸ்காட்லாந்தில் சட்டப்படியான தத்து 1930ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. தத்துப் போன பிள்ளை வளர்ந்ததும் தன் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்ற உரிமை அந்தச் சட்டத்திலேயே இருந்தது. இங்கிலாந்தில் அந்த உரிமை 1975இல்தான் வந்தது. அதனால் இங்கிலாந்து விவகாரங்களைப் பற்றிப் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். இன்று ஸ்காட்லாந்தில் 16 வயது நிரம்பிய எவரும் கேட்கலாம். ஆனால் கேட்கும் உரிமை தத்துப் போனவருக்கு மட்டுமே. கணவரோ பிள்ளையோ என்னைப் போன்ற நாத்தனாரோ அவருக்குப் பதிலாகக் கேட்க முடியாது. நான் படிவங்களை நிரப்பினேன், கையெழுத்தெல்லாம் அண்ணியுடையது.

வீட்டில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பலரிடம் இருப்பது சுருக்கச் சான்றிதழ்தான். அதில் பெயரும் பிறந்த தேதியும் ஊரும் இருக்கும், தத்து என்ற பேச்சே இருக்காது. உங்களுக்கு வேண்டியது தத்துப் பிள்ளைகள் பதிவேட்டிலிருந்து எடுத்த முழுப் பிரதி. தத்து உத்தரவு எந்த நீதிமன்றத்தில், எந்தத் தேதியில் பிறந்தது என்பது அதில் இருக்கும். பெரும்பாலும் அந்த ஊரின் ஷெரிஃப் நீதிமன்றமாக இருக்கும். எடின்பரோவில் நியூ ரெஜிஸ்டர் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் ஸ்காட்லாந்து தேசியப் பதிவகம் இருக்கிறது. அங்கேயுள்ள தத்துப் பிரிவுக்கு விண்ணப்பம், அடையாள ஆவணம், கட்டணம் மூன்றையும் அனுப்ப வேண்டும். கடப்பிதழில் உள்ள பெயரும் தத்துப் பதிவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் திருமணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால், அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு மாலை நான்கு, குளிர்காலத்தில் ஐந்து. ஆலோசகர் ஒருவரிடம் பேசிவிட்டுப் படிக்க விரும்பினால் அதற்கும் ஏற்பாடு உண்டு. கட்டாயமில்லை, ஆனால் பேசுவது நல்லது என்பேன்.

அசல் பிறப்புப் பதிவு கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் அம்மா பெயருக்குத்தான் போகும். போகட்டும், அழுது முடிக்கட்டும். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். ஸ்காட்லாந்துப் பதிவு மிகவும் விரிவானது. பிறந்த நேரம் இருக்கும், தாயின் தொழில் இருக்கும். பிரசவம் நடந்த இடத்துக்கும் தாய் வழக்கமாக வசித்த இடத்துக்கும் தனித்தனி விலாசம் இருக்கலாம். பதிவாளரிடம் தகவல் சொன்னது யார் என்பதும் இருக்கும். கல்யாணமான பெற்றோராக இருந்தால் கல்யாணம் நடந்த தேதியும் ஊரும் இருக்கும். கல்யாணமாகாத தாய் என்றால், தகப்பனும் கூட வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அவர் பெயர் இருக்காது. கட்டம் காலியாக இருப்பதை வைத்து அவர் கைவிட்டுப் போனார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது சட்டம் விட்ட காலியிடம்.

அண்ணியின் பதிவில் ஓரத்தில் 'தத்து' என்று குறிப்பு எழுதியிருந்தது. தகவல் சொன்னவர் கட்டத்தில் அவர் அம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில், மாணவத் தாதி. விலாசம், மருத்துவமனைத் தாதியர் விடுதி. பெயரை மாற்றிச் சொல்கிறேன்: லெட்சுமி முனியாண்டி.

தமிழ்ப் பெயர் ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் விழும்போது என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பிள்ளையும் 'முனியாண்டி' என்ற குடும்பப் பெயரில் பதிவாகிவிடும். அதாவது அண்ணியின் முதல் பெயரோடு ஒட்டியிருந்தது அவருடைய தாத்தாவின் பெயர். சில பதிவுகளில் இது தலைகீழாகி, சொந்தப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துக்கூட்டலும் ஒரு நிலையில் இருக்காது. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என்று பதிவாளர் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆகவே ஸ்காட்லாந்துப் பதிவுகளை இணையத்தில் தேட உதவும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் தேடும்போது பெயரின் ஒவ்வொரு துண்டையும் குடும்பப் பெயராகப் போட்டுப் பாருங்கள். சந்தேகமான எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தேட அந்தத் தளம் விடும்.

அடுத்தது நீதிமன்றக் கோப்பு. என்னைக் கேட்டால் இந்தத் தேடலின் உயிரே இதுதான். பலர் பிறப்புப் பதிவோடு நின்றுவிடுகிறார்கள், நிற்காதீர்கள். தத்து வழக்கின் காகிதங்களை உறையிலிட்டு 100 ஆண்டுகளுக்கு மூடி வைத்திருப்பார்கள். தத்துப் போனவர் மட்டும் அடையாளம் காட்டித் திறந்து பார்க்கலாம். பழைய கோப்புகள் பதிவகத்திலும், பிந்தையவை சில அந்தந்த ஷெரிஃப் நீதிமன்றத்திலும் இருக்கும். எங்கே இருக்கிறது என்று எழுதிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.

கோப்பில் வளர்ப்புப் பெற்றோரின் மனு, தாயின் சம்மதக் கடிதம், நீதிமன்றம் பிள்ளையின் நலனுக்காக நியமித்தவரின் அறிக்கை ஆகியவை இருக்கும். அந்த அறிக்கையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். தாயின் வயது, குடும்பம், பிள்ளையை ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அவள் சொன்ன காரணம், தகப்பன் யார் என்று அவள் சொன்னது, எந்த அமைப்பு தத்துக்கு ஏற்பாடு செய்தது என்பதெல்லாம் அதில் கிடைக்கலாம். அமைப்பின் பெயர் தெரிந்தால் அவர்களுடைய கோப்பையும் தனியாகக் கேட்க வேண்டும். அமைப்பு மூடப்பட்டிருந்தாலும், அதன் காகிதங்கள் வேறோர் அமைப்பிடமோ உள்ளூர் மன்றத்திடமோ போயிருக்கலாம்.

சம்மதக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஆறு வாரம் ஆகும்வரை தாயின் சம்மதம் செல்லாது என்பது சட்டம். அதனால் அந்தக் கடிதத்தின் தேதி பிறந்த தேதிக்குச் சில வாரங்கள் தள்ளியே இருக்கும். அத்தனை நாள் தாயும் பிள்ளையும் சேர்ந்து இருந்தார்களா, எங்கே இருந்தார்கள் என்பதற்கு மற்ற காகிதங்களில் பதில் தேடுங்கள். கையெழுத்து இருக்கிறது என்பதால் மனமுவந்து கொடுத்தாள் என்று எண்ண வேண்டாம். கல்யாணமாகாத தாய்மார்களை வற்புறுத்திப் பிள்ளைகளைப் பிரித்ததற்காக 2023 மார்ச் 22 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் மன்னிப்புக் கேட்டார். அண்ணியை அந்த உரையைப் படிக்கச் சொன்னேன். "அம்மா என்னை வேண்டாம் என்றுவிட்டாள்" என்று சிறு வயது முதல் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது தேவைப்பட்டது.

அண்ணியின் கோப்பில் இருந்த சம்மதக் கடிதத்தில் தாயின் சொந்த ஊர் விலாசமாகச் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. எங்கள் தேடலின் திசை அந்த ஒரு வரியில் இங்கே திரும்பியது.

தாய் அங்கேயே தங்கிவிட்டார் என்றால் ஸ்காட்லாந்துப் பதிவுகள் உங்களுக்கு இன்னும் உதவும். திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தகப்பன் பெயர்களும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இங்கிலாந்தின் திருமணப் பதிவில் 2021 மே வரை தகப்பன் பெயர் மட்டும்தான். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர், கணவர் அல்லது மனைவி பெயர், தகவல் சொன்னவர் என்ன உறவு, அவர் விலாசம் என எல்லாம் இருக்கும். தகவல் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மகளோதான், அதாவது உங்கள் உடன்பிறப்பு. பெண்களின் இறப்பைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் புகுந்த வீட்டுப் பெயரிலும் பட்டியலில் காணலாம். இணையத்தில் பதிவுகளின் படம் பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கடந்தால்தான் தெரியும். அதற்குப் பிந்தியவற்றைப் பட்டியலில் கண்டுபிடித்து, சான்றிதழாக வாங்க வேண்டும். எடின்பரோவுக்கே போகிறவர்கள் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் அண்மைப் பதிவுகளையும் திரையில் பார்க்கலாம். ஒரு பதிவு இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும் வேலை இது. அந்த ஒரு நாளுக்கு முன்னமே என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

தாய் சிங்கப்பூர் திரும்பியிருந்தால் இங்கே தேட வேண்டும். 1961இல் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் வந்த பிறகு நடந்த திருமணங்களுக்குப் பதிவு இருக்கும். அதற்கு முன் கோயிலில் நடந்த பல திருமணங்களுக்குக் காகிதம் கிடைக்காது. நான் அதிகம் நம்புவது பழைய நாளிதழ்களை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் பல பத்தாண்டுகளுக்கு இருக்கின்றன. பயிற்சிக்குப் போனவர் பெயர், தேர்வு முடிவு, எல்லாவற்றுக்கும் மேலாக மரண அறிவிப்பு. நம் ஆட்கள் மரண அறிவிப்பில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் போடுவார்கள். முனியாண்டித் தாத்தாவின் அறிவிப்பு அப்படித்தான் அகப்பட்டது. அதில் லெட்சுமிக்கு ஒரு தம்பி இருப்பது தெரிந்தது. லெட்சுமி அம்மா காலமாகிவிட்டார் என்பது அதற்குப் பிறகு தெரிய வந்தது. அண்ணிக்கு இப்போது ஈசூனில் ஒரு தாய்மாமா இருக்கிறார்.

தகப்பன் பக்கத்துக்கு மரபணுச் சோதனைதான் வழி. எச்சில் மாதிரி கொடுத்தால் ஒத்துப்போகும் உறவினர் பட்டியல் வரும். இருவருக்கும் பொதுவான மரபணு எவ்வளவு என்பதற்குச் சென்டிமோர்கன் என்ற அளவில் கணக்கு. பெற்றோர், பிள்ளை என்றால் சுமார் 3,400. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு என்றால் 1,750ஐ ஒட்டி. பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை போன்ற முதல் வட்டத்து உறவு என்றால் 850 அளவில். தமிழர் பக்கம் சோதித்தவர்கள் குறைவு. ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்களின் வழித்தோன்றல்கள் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எங்கும் பரவி, ஆர்வமாகச் சோதித்திருக்கிறார்கள். தகப்பன் ஸ்காட்லாந்துக்காரர் என்றால் தூரத்து உறவாவது அகப்படும். அவர்களில் இருவருக்குப் பொதுவான பாட்டன் பாட்டி யார் என்று கண்டுபிடித்து, அங்கிருந்து 1855க்குப் பிந்திய பிறப்பு, திருமணப் பதிவுகள் வழியே ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கி வர வேண்டும். 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் உண்டு. நம் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல அங்கும் பழைய குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர் என்று வைப்பது வழக்கம். பல ஜான்களும் ஜேம்ஸ்களும் வந்து குழப்பும்போது அந்த வழக்கம் கைகொடுக்கும். கடைசியில், அந்த ஆண்டில் அந்த ஊரில் இருந்திருக்கக்கூடிய வயதுடைய ஆண் யார் என்று பாருங்கள். அண்ணிக்கு இந்தப் பக்கம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் உடனே கதவைத் தட்டாதீர்கள், முகநூலில் எழுதாதீர்கள். அந்தத் தாய் கணவரிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வாழ்ந்திருக்கலாம். அது அவருடைய ரகசியம், அதை உடைக்கும் உரிமை நமக்கில்லை. முதலில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கடிதம், மூடிய உறையில், அவர் பெயருக்கு மட்டும், கையால் எழுதியது. நாங்கள் தாய்மாமாவுக்கு எழுதியது நான்கு வரிதான்: "ஐயா, வணக்கம். 1960களில் எடின்பரோவில் தாதிப் பயிற்சி பெற்ற லெட்சுமி அம்மா அவர்களின் குடும்பத்தைப் பற்றி அறிய விரும்புகிறேன். தங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால், தங்களுக்கு வசதியான நேரத்தில் கீழ்க்கண்ட எண்ணில் என்னை அழைக்கலாம். பணமோ வேறு உதவியோ கேட்பதற்காக எழுதவில்லை." பிள்ளை, தத்து என்ற சொற்களே அதில் இல்லை. வீட்டில் வேறு யார் பிரித்தாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவருக்கு மட்டும் 'எடின்பரோ' என்ற சொல் போதும். தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை நன்றாக இருக்கிறதா?"

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்காட்லாந்துக்கென்று 1984 முதல் ஒரு தத்துத் தொடர்புப் பதிவேடு இருக்கிறது. தத்துப் போனவரும் பெற்ற குடும்பத்தாரும் அதில் பெயர் கொடுத்து வைப்பார்கள், இரண்டு பக்கமும் பொருந்தினால் தெரிவிப்பார்கள். விண்ணப்பத்தின் முதல் நாளிலேயே அதில் பெயரைப் பதிந்துவிடுங்கள், விலாசம் மாறும்போதெல்லாம் தெரிவியுங்கள். தகப்பன் பக்கத்து யாராவது என்றாவது கேட்டு வரலாம் என்று அண்ணியின் பெயர் இப்போதும் அதில்தான் இருக்கிறது.