ஏணியை மடக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டிவி வாங்க ஒரு மாதம் விசாரிக்கிறோம். வாசலுக்கு சிசிடிவி கேமரா வாங்குவதற்கு முன் யூடியூபில் கண்ணில் படும் வீடியோவையெல்லாம் பார்க்கிறோம். பொருத்த வந்த பையன் வயரை இழுத்து, திரையில் படம் வந்ததும் "ஓகேவா சார்?" என்று கேட்டால் மட்டும் "ஓகேப்பா" என்று காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கின்றன. படம் வருவது வேறு, சரியாக வருவது வேறு.

டிவியில் ஆரம்பிக்கலாம். உறவினர் வீடுகளுக்குப் போனால் நான் முதலில் டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பேன். கெட்ட பழக்கம்தான். 43 இன்ச் டிவி, எச்டி செட்டாப் பாக்ஸ், எச்டி பேக்கேஜ் என்று எல்லாம் இருக்கும். ஆனால் இரண்டையும் இணைப்பது பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர். அந்த மஞ்சள் வயர் வழியாக எச்டி படம் வரவே வராது; பழைய டியூப் டிவி காலத்து 576 வரிப் படம்தான் வரும். மாதாமாதம் எச்டிக்குக் கட்டும் பணம் முழுக்க அந்த வயரிலேயே நின்றுவிடுகிறது. எச்டிஎம்ஐ கேபிள் பாக்ஸோடு வராவிட்டாலும், இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தங்க முலாம், ஆயிரம் ரூபாய் என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம்.

கேபிளை மாற்றிய பிறகும் செய்தி வாசிப்பவரின் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிந்தால், பழைய 4:3 படத்தை (அகலம் 4, உயரம் 3 என்ற விகிதம்) 16:9 அகலத் திரைக்கு யாரோ இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாக்ஸ் மெனுவில் ஒரு இடம், டிவி மெனுவில் ஒரு இடம் என்று படத்தின் அளவை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் "டிவி சின்னதாயிடுச்சு" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

4கே டிவி வாங்கினால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. நம் டிடிஎச், கேபிளில் வரும் எச்டி சேனல்களின் உச்சம் 1080 வரிதான். சாதாரண எஸ்டி சேனலைப் பெரிய 4கே திரையில் போட்டால் பழைய டிவியில் தெரிந்ததைவிட மோசமாகத் தெரியும், ஏனென்றால் அதே கொஞ்சப் புள்ளிகளைத் திரை முழுக்கப் பரப்ப வேண்டியிருக்கிறது. தவிர, 43 இன்ச் டிவியை இரண்டு மீட்டருக்கு அப்பால் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண்ணுக்கு ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 4கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குக் கடையில் அந்த அளவில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அதற்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுப்பதுதான் வீண்.

பேக்கேஜ் விஷயத்தில் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று ஒரு கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. மறுவருடம் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் ஆயிற்று. 2024-ல் அந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. ஆகவே பழைய ரசீதை வைத்து ஆபரேட்டரோடு சண்டை போடுவதில் பயனில்லை. இன்றைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஒரே சேனலின் எஸ்டி, எச்டி இரண்டுக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும். பாட்டிக்குப் பழைய நம்பர்தான் தெரியும் என்பதால் வீட்டில் ஓடுவதோ எஸ்டி. ஒன்றை நீக்குங்கள். செய்தியும் பழைய படங்களும் போதும் என்றால், மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் என்று ஒன்று இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பது மட்டும்தான் குறை.

மொட்டை மாடிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அடைமழையில் டிடிஎச் படம் நிற்பது இயற்கை. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். ஆனால் தூறலுக்கே நின்றால் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை, அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பாக்ஸ் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் நிறைந்திருந்தும் குவாலிட்டி குறைவாக இருந்தால் டிஷ் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்திலேயே குவாலிட்டி எவ்வளவு என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஐப்பசியில் ஆளைக் கூப்பிடும்போது பேச வசதியாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து இந்தச் செயற்கைக்கோள்கள் தெற்கிலும் தென்கிழக்கிலும் வெகு உயரத்தில் இருப்பதால் பக்கத்துக் கட்டடம் மறைப்பது அபூர்வம். பக்கத்து வீட்டு முருங்கையும் தென்னை ஓலையும்தான் மறைக்கும்.

கேமராவில் முகம் எங்கே?

திருடன் வந்தான், கேமராவில் பதிந்திருக்கிறது, ஆனால் யாரென்று தெரியவில்லை. இந்தக் கதையைக் கேட்காத தெரு இல்லை. காரணம் பெரும்பாலும் மெகாபிக்சல் அல்ல, லென்ஸும் உயரமும். முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரநிலை சொன்ன அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். கடைகளில் வழக்கமாகக் கொடுக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், சுமார் நான்கு மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் நிற்பவர் ஒரு ஆள், அவ்வளவுதான். 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் எட்டு மீட்டர் வரை முகம் கிடைக்கும், ஆனால் காட்சியின் அகலம் குறையும். "முழு காம்பவுண்டும் தெரியுது பாருங்க சார்" என்று காட்டும்போது நாம் மயங்குவது இந்த இடத்தில்தான். முழுவதும் தெரிய ஒன்று, கேட்டில் வருபவரின் முகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

முகத்துக்கான கேமராவை ஏழெட்டு அடி உயரத்தில் வைத்தால் போதும். யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு அடியில் ஏற்றினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதியும்.

இரவுப் படத்தைப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்கவே கூடாது. பகலில் பொருத்தும்போது அருமையாக இருக்கும். விளக்கு அணைந்து கேமராவின் அகச்சிவப்பு ஒளி எரிந்ததும், பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சன்ஷேடு அந்த ஒளியைத் திருப்பியடிக்கும். படத்தின் கால்பாகம் சுண்ணாம்பு வெள்ளை, மீதி இருட்டு. கேமரா தான் வாங்கும் ஒளியின் அளவைப் பிரகாசமான இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதால் கேட்டில் நிற்பவர் நிழலாகிவிடுவார். ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்கும்படி வைப்பதும் இதே சிக்கல்தான். பிறகு சிலந்தி. அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸுக்கு முன்னால் காற்றில் ஆட, இரவெல்லாம் போனில் "அசைவு" என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஒட்டடைக் குச்சிதான் மருந்து.

எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் பத்துப் பதினோரு நாளில் நிறைந்து, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்ப்பவருக்கு முதல் நாள் பதிவு கிடைக்காது. டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டி) மெனுவில் எச்.265 என்ற சுருக்கும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ஏறக்குறைய இரு மடங்கு நாள் கிடைக்கும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; இரவு பகலாக எழுதுவதற்கென்றே தனி டிஸ்க்குகள் விற்கின்றன. வைஃபை கேமராவுக்கும் அப்படித்தான், ஹை என்ட்யூரன்ஸ் என்று போட்ட மெமரி கார்டு. திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் சேர்ந்தே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் போனால் டிவிஆர் இன்வெர்ட்டரில் ஓடும். மோடத்தை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்க மாட்டார்கள்; வெளியூரிலிருந்து போனில் பார்க்க முடியாது.

சாவி யாரிடம்?

கேமராவை முதலில் எந்தப் போனில் சேர்க்கிறார்களோ, அந்தக் கணக்குதான் பல ஆப்களில் உரிமையாளர். பொருத்த வந்தவர் அவசரத்துக்குத் தன் போனில் சேர்த்துவிட்டு உங்களுக்கு "ஷேர்" கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் வாசலை அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களை நீக்கவும் செய்யலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், போனைத் தொலைக்க மாட்டாரா? உங்கள் நம்பரில் கணக்கு தொடங்கி, நீங்களே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து சேர்க்கச் சொல்லுங்கள். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை அவர் முன்னாலேயே மாற்றுங்கள். தெருவில் பத்து வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இது வீண் பயம் இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரியான நிரல்), தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துக்கொண்டது. அவற்றை ஒரே நேரத்தில் இணையத்தில் ஏவி நெரிசல் உண்டாக்கியதில் அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேறினால்தான் விற்பனைக்கு வர முடியும். நல்ல விதி. ஆனால் எந்தச் சோதனையும் உங்கள் வண்டி நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பதைத் தடுக்காது.

கடிகாரத்தையும் பாருங்கள். பல டிவிஆர்கள் சீன நேரத்தில் வருகின்றன, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். யாரும் மாற்றுவதில்லை. போலீஸ் வந்து "ராத்திரி இரண்டு மணிக்கு என்ன இருக்கு?" என்று கேட்கும்போது குழப்பம் தொடங்கும். அப்படிக் கேட்கும் நிலை வந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். அது சுருங்கி முகம் மங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, இத்தகைய மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. மூலப் பதிவை உடனே பென் டிரைவில் எடுத்துவிட்டு, டிவிஆரிலும் அழியாமல் பூட்டி வையுங்கள்.

கடைசியாக, கேமரா யாரைப் பார்க்கிறது என்பது. ஹாலில் வைப்பதற்கு முன் அங்கே தங்கும் அம்மாவையும் வேலைக்கு வரும் பெண்ணையும் கேளுங்கள். சொல்லாமல் வைப்பது அநாகரிகம் என்பேன். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உடல் பாகங்களைப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னல் காட்சிக்குள் விழுந்தால் டிவிஆரில் பிரைவசி மாஸ்க் என்றொரு வசதி இருக்கும். மவுஸை வைத்து அந்த ஜன்னல் மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தால் போதும், அது பதிவிலும் வராது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டிவிடுங்கள். அவர் சண்டைக்கு வருவதற்கு முன்.