டிசம்பர் 13: இருட்டோடு எழுந்து போகவேண்டிய லூசியா

நவம்பர் முடியும்போது பிள்ளையின் ஃபோர்ஸ்கூலா என்ற மழலையர் பள்ளியிலிருந்து ஒரு தகவல் வரும்: 'லூசியாதோக் (லூசியா ஊர்வலம்), காலை 7.30, பெற்றோரும் வரலாம்.' பொது விடுமுறை இல்லையே, முக்கியமான நாளாக இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். ஸ்வீடனில் உங்கள் முதல் குளிர்காலத்தில் தவறவிடக் கூடாத காலை அதுதான். 13ஆம் தேதி சனி, ஞாயிறில் விழுந்தால் பள்ளிகள் பெரும்பாலும் பக்கத்து வேலைநாளில் வைத்துவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூசியா, சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் கி.பி. 304 வாக்கில் கொல்லப்பட்ட புனிதை. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயம் இவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே தேவாலயத்தைவிட வீட்டிலும் பள்ளியிலும்தான் கொண்டாட்டம் அதிகம். பழைய ஜூலியன் நாட்காட்டிக் காலத்தில் இதையே ஆண்டின் மிக நீண்ட இரவாக எண்ணினார்கள். 'நம்ம சாமி இல்லையே' என்று தயங்க வேண்டாம், எந்த வீட்டுப் பிள்ளையும் ஊர்வலத்தில் நடக்கலாம்.

ஊர்வலத்தில் லூசியாவாக வரும் பிள்ளைக்கு வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். சின்னப் பிள்ளைகளுக்கு பேட்டரி விளக்குதான், பயம் வேண்டாம். பையன்கள் கூம்புத் தொப்பியும் நட்சத்திரக் கோலுமாக வருவார்கள். அங்கியை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். முற்றத்தில் நடத்தினால் குளிர்கால ஓவரால் என்ற முழு உடுப்பும் அங்கிக்குள்ளே நுழையவேண்டுமே! அப்புறம், மற்ற பிள்ளைகள் தெரிகிற படத்தைக் கேட்காமல் குடும்ப வாட்ஸப்பில் போடாதீர்கள்.

வீட்டு வழக்கம் இன்னும் அழகு. மூத்த மகள் விடியுமுன் எழுந்து, காபியும் 'லுஸ்ஸெகட்' ரொட்டியும் தட்டில் வைத்துப் பெற்றோரின் படுக்கைக்கே கொண்டுவருவாள். S போல வளைத்த ரொட்டி அது. இரண்டு சுருளிலும் ஒவ்வொரு உலர்திராட்சை. நிறம் குங்குமப்பூவால் வருவது. கடையில் அரை கிராம் பொட்டலமாக, பெரும்பாலும் பொடியாகவே கிடைக்கும். வெதுவெதுப்பான பாலில் கரைத்து மாவில் ஊற்றினால் போதும். முதல் வருஷம் விலையைப் பார்த்து நான் மஞ்சள்தூளைப் போட்டேன். நிறம் அச்சு அசல், வாசனை சாம்பார். இந்த ரொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும், மிச்சத்தை அன்றே ஃப்ரீசரில் வையுங்கள்.

கூடவே 'பெப்பர்காக்கோர்' என்ற இஞ்சி பிஸ்கட் தருவார்கள். உள்ளங்கையில் வைத்து, மனதில் ஒன்றை நினைத்து, மறுகை விரல்முட்டியால் அழுத்தவேண்டும். மூன்றாக உடைந்தால் நினைத்தது நடக்குமாம். எனக்கு இரண்டாகும், இல்லையென்றால் ஐந்தாகும். தின்றுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வேன்.