வான்வழிக் கடலாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் டியேகோ கார்சியா தீவைத் தளமாகக் கொண்டு, 2011ஆம் ஆண்டு இறுதியில் டைனமோ ஆய்வுத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் பி-3 விமானம் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தது. நம் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல மேடன்-ஜூலியன் அலைவு, அதாவது வெப்பமண்டலத்தில் கிழக்கு நோக்கி நகரும் மழைமேகத் திரள், எவ்வாறு உருவெடுக்கிறது என்பதே அத்திட்டத்தின் கேள்வி. இத்தகைய தரவுகளைக் கையாளத் தொடங்கும் நம் மாணவர்கள், ஒரு பறப்பு நாளில் எங்கெங்கே பிழை நுழையும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

விமானம் மேலேறும்போது கிடைக்கும் அளவீடுகளைத் திறந்த கடலின் வளிமண்டலமாகக் கொள்வது முதல் தவறு. சிறு தீவானாலும் பகல் வெயிலில் அதன் நிலம் சூடேறி, காற்றுப் போகும் பக்கத்தில் தனக்கென மேகத்தை உண்டாக்கிவிடும். கடற்காற்று வந்து சேருமுன் மீனம்பாக்கத்தில் அளந்த வெப்பநிலையை வங்கக்கடலின் வெப்பநிலை என்று நாம் யாரும் சொல்லமாட்டோம் அல்லவா?

மிகுந்த கவனம் தேவைப்படுவது, ஏ.எக்ஸ்.பி.டி. எனப்படும், விமானத்திலிருந்து போடப்படும் வெப்பமானி. சிறு பாராசூட்டில் இறங்கும் இக்குழாயின் மிதவை வானொலிக் கருவியோடு நீர்மேல் நிற்க, மெல்லிய கம்பியில் கட்டிய உணரி மட்டும் ஆழத்துக்குள் விழுகிறது. அந்த உணரியில் அழுத்தமானி கிடையாது. விநாடிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் வீதம் விழுகிறது என்னும் சமன்பாட்டின்படி, கடந்த நேரமே ஆழமாக மாற்றப்படுகிறது. விழத் தொடங்கிய கணத்தை இரண்டு விநாடி தவறாகக் குறித்தால் ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைக் காட்டும் முழு வரைவும் 3 மீட்டர் நகர்ந்துவிடும். விழுவேகத்தில் 3 விழுக்காடு பிழை இருந்தால் 300 மீட்டரில் 9 மீட்டர் பிழை சேரும். வெப்பநிலை செங்குத்தாகச் சரியும் அடுக்கில் இது சிறிய பிழையே அல்ல. ஆழத்தை அளந்ததாக எழுதாமல், கணக்கிட்டதாகவே எழுதுங்கள். ஒரே அலைவரிசையில் இயங்கும் இரண்டு கருவிகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒன்றின் குரலை மற்றொன்று மறைக்கும்படி விடுவதும் கூடாது.

விமானத்திலிருந்தே கடல்மேற்பரப்பின் வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்பு மானி காண்பது கடலின் தோலை மட்டுமே, அதாவது மேலேயுள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலத்தை. காற்று வீசும்போது அது அடியிலுள்ள நீரைவிடச் சற்றே குளிர்ந்திருக்கும்; காற்றடங்கிய பிற்பகலிலோ மேல்நீர் ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கக்கூடும். ஆகவே காலையில் கடலில் நிற்கும் ஆய்வு மிதவை நீருக்குள் அளந்ததையும் பிற்பகலில் விமானம் கண்டதையும் நேருக்குநேர் ஒப்பிட்டு, மானி பழுது என்று முடிவுகட்டுவது அவசரம். நீரின் நிறத்தை அளப்பவர்கள் உச்சிவெயிலைத் தேடிப் போவதும் தவறே: வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கையில், கீழே பார்க்கும் கருவிக்குள் அதன் பளபளப்பே வந்து நிறையும்.

நேரக்குறிப்பில் உலகப் பொதுநேரத்தை (யு.டி.சி.) மட்டுமே பயன்படுத்த வேண்டும். டியேகோ கார்சியாவின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முந்தியது. விநாடிக்கு 100 மீட்டர் பறக்கும் விமானத்துக்கு அந்த அரை மணி 180 கிலோமீட்டர்.

தாழப் பறந்து திரும்பிய விமானத்தின் கண்ணாடிகளிலும் கருவி முகப்புகளிலும் உப்புப் படிந்திருக்கும். படிவைப் படமெடுத்துக் குறிப்பேட்டில் பதிந்த பிறகே, அன்றிரவுக்குள் நன்னீரால் கழுவிவிட வேண்டும். ஏனெனில் கடைசி மணி நேர அளவீடுகள் எவ்வளவு மங்கியிருந்தன என்பதற்கு அந்தப் படமே சாட்சி.