ஒரு டி-சர்ட்டை வைத்து உலகமயமாக்கலைப் படிப்பது எப்படி

அலமாரியிலிருந்து ஒரு டி-சர்ட்டை எடுத்து, உள்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். கழுத்துப் பட்டியில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது தைத்த நாடு, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் திருப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் எங்கள் தையல் கூடத்துக்கும் நடுவே நின்று, சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் வேலை. என் அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, "அத்தை, உலகமயமாக்கல் பாடம் முழுக்கப் பெரிய பெரிய சொற்களாக இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை" என்றாள். ஒரு டி-சர்ட்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பிரித்து எழுதுங்கள். பஞ்சு குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ விளைந்திருக்கலாம். நூல் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து மில்லில் ஓடியிருக்கலாம். துணி பின்னிய வட்ட நிட்டிங் இயந்திரம் ஜெர்மனியிலிருந்தோ தைவானிலிருந்தோ வந்தது. துணியின் ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஜப்பானியத் தயாரிப்பாக இருக்கலாம். அதில் உட்கார்ந்து தைத்த பெண் எங்கள் ஊர்க்காரராகவும் இருக்கலாம், ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ரயிலேறி வந்தவராகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் இங்கே யாரும் முடிவு செய்வதில்லை. ஐரோப்பாவில் ஓர் அலுவலகத்திலிருந்து பான்டோன் எண் ஒன்று வரும், ஒவ்வொரு நிறத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் எண் அது. சாயப்பட்டறையில் அந்த எண்ணுக்கு மூன்று துண்டுத் துணிகளைச் சாயமேற்றி கூரியரில் அனுப்புவோம், அதற்கு லேப் டிப் என்று பெயர். அங்கிருந்து 'சரி' என்று வரும்வரை ஒரு கிலோ துணியைக்கூட நனைக்க முடியாது. வேலையைப் பத்து ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன, தீர்மானம் ஓரிடத்தில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நோட்டில் தனிப் பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'ஏன் இந்த ஊர்?' என்று கேளுங்கள். 'கூலி குறைவு' என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். கூலி குறைந்த ஊர்கள் உலகில் ஏராளம், அத்தனையிலும் டி-சர்ட் தைக்கிறார்களா என்ன? உள்ளூருக்குக் கைவைத்த பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர், 1978-இல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடி வந்தபோது ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. துணி பின்னும் கைகளும் தைக்கும் கைகளும் முன்பே இங்கே இருந்தன என்பதுதான் காரணம்.

வங்கதேசத்தின் கதை வேறு. 1974 முதல் 2004 இறுதி வரை, எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆடை வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் பல்லிழை ஒப்பந்தத்தின் கீழும் அதற்குப் பின் வந்த ஒப்பந்தத்தின் கீழும் வரம்பு வைத்திருந்தன. வியாபாரத்தில் அதற்குக் கோட்டா என்று பெயர். தென்கொரியாவுக்கான கோட்டா நிரம்பியதும், அங்கிருந்த டேவூ நிறுவனம் கோட்டா இல்லாத வங்கதேசத்தைத் தேடிப் போனது. 1970-களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற அந்நாட்டு நிறுவனத்தோடு கைகோத்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொரியாவுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்றவர்களில் பலர் பிறகு தனித்தனியே தொழில் தொடங்கினார்கள். உள்நாட்டு ஆலைகளைக் காக்கப் போட்ட வேலிதான் இன்னொரு நாட்டில் ஒரு பெருந்தொழிலை முளைக்க வைத்தது. நாட்டின் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு விதி ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

வரியையும் பாருங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் எங்கள் டி-சர்ட்டுக்கு 9.6 சதவீதம் வரி, வங்கதேச டி-சர்ட்டுக்கு வரியே இல்லை. 3 யூரோ சரக்கில் அது ஏறக்குறைய 29 சென்ட். நாங்களோ 5 சென்டுக்காக மூன்று நாள் மின்னஞ்சலில் மன்றாடிக்கொண்டிருந்தோம்.

கப்பலைப் பற்றி ஒன்றே ஒன்று. 1956 ஏப்ரலில் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் போனது. அந்த ஏற்பாடு பரவியதால்தான் தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, நடுவில் யாரும் பூட்டைத் திறக்காமலே ஐரோப்பா போய்ச் சேருகிறது.

இனி வருவதுதான் இந்த முறையின் உயிர். எல்லாம் சரியாக ஓடும்போது உலகமயமாக்கலைப் பார்க்க முடியாது. அது அறுந்த ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, நட்டம் யார் தோளில் இறங்கியது என்று பாருங்கள். எனக்கு அது 2011.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் என்ற வகைச் சாயம் துணியில் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு இன்னும் அதிகம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு போய்விடும். எங்கள் ஊரில் அது நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. கீழே இருந்த விவசாயிகள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

அப்போது என் கையில் 24,000 கருநீலச் சட்டைகளுக்கான ஆர்டர் இருந்தது. துணியை லாரியில் லூதியானாவுக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கினோம். ஷிப்மென்ட் தேதி கடந்துவிட்டது. தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு எங்களுடையது என்பது ஒப்பந்தம். லாபம் முழுவதும் விமானத்திலேயே போனது. அந்த மாதங்களில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைத்தவர்கள் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். கடையில் அந்தச் சட்டையின் விலை ஒரு சென்ட்கூட மாறவில்லை.

அந்தத் தீர்ப்பின் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு ஒருநாள் அணைப் பக்கம் போனேன். ஒரு பெரியவர் தன் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு நீர் மொண்டு கொடுத்தார். உதட்டில் வைத்ததும் உப்பு கரித்தது. நான் பேரம் பேசி மிச்சம் பிடித்த ஒவ்வொரு சென்டிலும் அந்தக் கிணற்றுக்குப் பங்கு இருந்தது. பிறகு கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து, சொட்டுகூட வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் முறையோடுதான் பட்டறைகள் திறந்தன. சாயக்கூலி ஏறியது. அதுதான் அந்த வேலையின் நியாயமான விலை என்று இப்போது நினைக்கிறேன்.

அண்மைய உதாரணம் வேண்டுமென்றால் 2025 ஆகஸ்ட் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கிய நாள். அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கும் அக்காவுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை இருந்தது. வாஷிங்டனுக்கும் அவர் வீட்டு அடுப்புக்கும் இடையே எத்தனை கை இருக்கிறது என்று நோட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இறக்குமதியாளர், ஏஜென்ட், ஏற்றுமதியாளர், அவரிடமிருந்து தையலைக் கூலிக்கு எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்காரர் என ஒவ்வொருவரும் சுமையைக் கீழே தள்ளிவிட முடிந்ததா என்று கேளுங்கள்.

'இது நல்லதா, கெட்டதா' என்ற கேள்வியை மட்டும் தள்ளி வையுங்கள். என் அம்மா தைத்த ஆடைகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்தச் சம்பளமும் அந்தக் கிணறும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும்.

தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். அண்ணன் மகள் பஞ்சு எந்தக் காட்டில் விளைந்தது என்று அறிய நூல் மில்லுக்கே போய்க் கேட்டாள். பல ஊர்ப் பஞ்சுப் பொதிகளைக் கலந்துதான் நூல் ஓட்டுகிறோம், எந்தக் காட்டுப் பஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். 'பஞ்சு பறித்தவர்' என்ற வரிக்கு எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.