மாக் 2-ல் விமானத் தோல் எவ்வளவு சுடும்? எல்லை அடுக்கு வெப்பக் கணக்கு, படிப்படியாக

வேகம் ஒலியைத் தாண்டியதும் எல்லை அடுக்கில் (தோலை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தில்) வேகத்தோடு வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கான்கார்டை வைத்தே போட்டுப் பார்ப்போம். 1976 முதல் 2003 வரை பயணிகளோடு மாக் 2-ல், அதாவது ஒலியைப் போல இருமடங்கு வேகத்தில், பறந்த விமானம். கால்குலேட்டர் போதும். வெப்பநிலை எல்லாமே கெல்வினில். செல்சியஸில் போட்டால் விடை கெட்டுவிடும்.

படி 1: வெளிக்காற்று. 17 கி.மீ. உயரத்தில் 216.65 கெல்வின், அதாவது −56.5 டிகிரி செல்சியஸ்.

படி 2: தேக்க வெப்பநிலை. காற்று முழுதாக மோதி நிற்கும் மூக்கு நுனியில் (0.2 காற்றுக்கான மாறிலி, 2 மாக் எண்):
216.65 × (1 + 0.2 × 2²) = 390 கெல்வின், 117 டிகிரி. கான்கார்டின் மூக்குக்கு விதித்த வரம்பு 127 டிகிரி.

படி 3: மீட்பு வெப்பநிலை. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். உடலின் பக்கவாட்டில் காற்று மோதி நிற்பதில்லை. பாகுநிலையால் (காற்றின் பிசுபிசுப்பால்) இழுபட்டு நிற்கிறது. இழந்த இயக்க ஆற்றல் அடுக்குக்குள்ளேயே வெப்பமாகிறது, அதில் ஒரு பங்கு வெளிப்பக்கம் கசிந்துவிடுகிறது. மிஞ்சுவதைச் சொல்வதுதான் மீட்புக் காரணி: சுழன்று கலங்கும் கொந்தளிப்பு ஓட்டத்தில் சுமார் 0.89, அடுக்கடுக்காகச் செல்லும் சீரோட்டத்தில் 0.84. இங்கே 0.89-ஐ எடுப்போம்.
216.65 × (1 + 0.89 × 0.2 × 2²) = 371 கெல்வின், 98 டிகிரி.

படி 4: வெப்பம் எந்தப் பக்கம் பாயும்? தோல் 60 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே −56.5, எனவே தோல் குளிரும் என்றுதான் தோன்றும். தவறு. தோலை ஒப்பிட வேண்டியது வெளிக்காற்றோடு அல்ல, மீட்பு வெப்பநிலையோடு. 60 என்பது 98-ஐ விடக் குறைவு, ஆகவே வெப்பம் உள்ளே வருகிறது. தோலை வெளிக்காற்றோடு ஒப்பிடும் பாடநூல் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போடுபவர்களுக்குக் குறி மாறிப்போவது இங்கேதான்.

படி 5: உராய்வு. எக்கர்ட்டின் மேற்கோள் வெப்பநிலை முறை சுருக்கமானது: அடுக்கு முழுவதற்கும் ஒரே வெப்பநிலையைப் பிரதிநிதியாக எடுத்து, காற்றின் பண்புகளை அதில் கணக்கிடுவது. தோலும் 371 கெல்வினில் இருந்தால்:
216.65 × (0.5 + 0.039 × 2² + 0.5 × 371/216.65) = சுமார் 328 கெல்வின்.
இந்தச் சூட்டில் அடர்த்தி 0.66 மடங்காகிறது, பாகுநிலை 1.39 மடங்காகிறது. (எண்ணெய் சூடானால் இளகும், காற்று நேர்மாறு.) ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டு ஓட்டத்தின் வேகத்தாக்கத்தைச் சொல்லும் எண்) 0.48 மடங்காகச் சுருங்குகிறது. கொந்தளிப்பு உராய்வுக் கெழு:
0.66 × 0.48^(−0.2) = சுமார் 0.77 மடங்கு.
அமுக்கமுறா ஓட்டத்தைவிட (அடர்த்தி மாறாததாகக் கொண்ட கணக்கைவிட) 23 விழுக்காடு குறைவு.

தோலை 300 கெல்வினுக்குக் குளிர்வித்து இதே படியைத் திரும்பப் போடுங்கள். காற்று அடர்ந்து, குறைவு 17 விழுக்காடாகிவிடும். அதாவது குளிர்ந்த தோலில் உராய்வு கூடுகிறது.