சி.எம்.எல். நோயாளிகளின் ஆயுள் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோயான சி.எம்.எல்.லுக்கு 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தபின், நோயாளிகள் பலரும் நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதனாலேயே அவர்களின் ஆயுளைக் கணிப்பது சிக்கலாகிவிட்டது.

நான் மிகவும் அஞ்சும் தவறு இது. ஓராண்டில் மருந்துக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்கள் ஒரு குழு, கட்டுப்படாதவர்கள் இன்னொரு குழு என்று பிரித்து, இரண்டுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே கேப்ளன்-மெயர் கோடு (காலம் போகப்போக எத்தனை விழுக்காட்டினர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம்) வரைவார்கள். முதல் குழுவில் இடம்பெற ஒருவர் பரிசோதனை நாள்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். நான்காம் மாதமே இறந்தவர் தானாக இரண்டாம் குழுவில் விழுவார். மருந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் முதல் கோடு மேலே நிற்கும். 1983-லேயே ஆண்டர்சன், கெயின், கெல்பர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள்: 12ஆம் மாதம் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள், அன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் பிரித்து, அங்கிருந்து காலத்தை எண்ணுங்கள்.

அடுத்தது, பிற காரண மரணங்கள். வயதான நோயாளி மாரடைப்பில் இறந்தால், 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று பதிவதா? கற்பனையாக 100 பேரை எடுப்போம். முதலில் 40 பேர் வேறு நோயால் இறக்கிறார்கள். மீதி 60 பேரில் 30 பேர் புற்றுநோயால். உண்மையில் புற்றுநோய் மரணம் 30%. அந்த 40 பேரைத் தொடர்பு விட்டவர்களாக வைத்தால் கேப்ளன்-மெயர் மீதி 60 பேரை மட்டும் வைத்து 50% என்று காட்டும். நோயாளியிடம் இதைச் சொல்வது அநியாயம். போட்டி அபாயங்களை, அதாவது புற்றுநோய்க்கு முந்திக்கொள்ளும் பிற காரண மரணங்களை, தனியாகக் கணக்கில் எடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

பழைய அபாய மதிப்பெண்ணையே நம்புவதும் தவறு. நோயாளியின் அபாயத்தைக் கணிக்கும் 1984-இன் சோகல் மதிப்பெண் கீமோதெரபி காலத்துத் தரவில் பிறந்தது. வயது, மண்ணீரல் அளவு, பிளேட்லெட், பிளாஸ்ட் செல் (முதிராத இரத்த அணு) என்ற அதே நான்கை வேறு எடையில் வைத்து, இமாடினிப் காலத்து நோயாளிகளைக் கொண்டு 2016-இல் வந்த ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் இன்றைக்குப் பொருத்தம்.

அப்புறம், மருந்து மாறியவர்கள். இமாடினிப்பை அதற்கு முந்தைய மருந்தான இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்ட ஐரிஸ் ஆய்வில் பத்தாண்டு உயிர்வாழ்வு இமாடினிப் குழுவில் 83.3%, இன்டர்ஃபெரான் குழுவில் 78.8%. வித்தியாசம் இவ்வளவுதானா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டர்ஃபெரான் குழுவில் பெரும்பாலோர் பிறகு இமாடினிப்புக்கு மாறியவர்கள். மாறியவர்களைத் தூக்கிவிட்டுக் கணக்குப் போடுவதும் சரியல்ல. மருந்து பலிக்காததாலோ ஒத்துக்கொள்ளாததாலோ மாறியவர்கள் அவர்களில் பலர்.

கடைசியாக, தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். (இரத்தத்தில் நோயின் மரபணுத் தடயத்தை அளக்கும் பரிசோதனை) எடுத்தால், நோய் திரும்பியது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் என்றோ ஒரு நாள். கண்டுபிடித்த தேதியையே திரும்பிய தேதியாக எழுதினால், அடிக்கடி பரிசோதிக்கும் மருத்துவமனையில்தான் நோய் சீக்கிரம் திரும்புவதாகத் தோன்றும்.